காட்டின் இடமும் காவலரின் குரலும்

மாத்தளை மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்கு, மேற்குச் சரிவுகளிலும் வஸ்கமுவ தேசிய பூங்காவைச் சுற்றியும் இயற்கையை நம்பி வாழும் பணியிடங்கள் பல உள்ளன. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கள அலுவலர்கள், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் காவலர்கள், ரிவர்ஸ்டன், இலுக்கும்புர பகுதிகளின் விடுதிப் பணியாளர்கள், பயணிகளை மலையேற்றிச் செல்லும் வழிகாட்டிகள் ஆகியோர் கையில் இன்று கமெராவோடு கூடிய அலைபேசியும் முகநூல் கணக்கும் இருக்கின்றன. இவர்கள் எதைப் பதிவிடலாம், ஊடகத்தாரிடம் எதைச் சொல்லலாம் என்ற கேள்வியை நிர்வாக ஒழுக்கம் பற்றிய சிறு விடயமாகக் கருதுவது தவறு. காடு பிழைப்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நடைமுறையில் உள்ள விதிகளோ காட்டுக்குத் தீங்கு செய்யும் செய்தியைத் தடையின்றி வெளியேற விட்டு, காட்டைக் காக்கக்கூடிய செய்தியைத் தடுத்து நிறுத்துகின்றன.

நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தளத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டதற்கு, உலகில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் அங்கு வாழ்வது முக்கிய காரணம். மூக்கின் நுனியில் இலை போன்ற தசைமடல் கொண்ட ‘செரட்டோபோரா டெனன்டி’ என்னும் ஓணானும், 2006இல் தனி இனமாக விபரிக்கப்பட்ட ‘கோபோடிஸ் தும்பறா’ என்னும் சிற்றோணானும் இம்மலைத்தொடருக்கு மட்டுமே உரியவை. இரண்டாவது இனம் வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு மெல்ல ஊர்வது; முட்டையிடாமல் குட்டி ஈனுவது; மேகம் படியும் உயர்காட்டின் மிகச் சிறிய பரப்புக்குள் ஒடுங்கி வாழ்வது. இத்தகைய ஓணான்களை ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தையில் இணையவழி விற்பது தெரியவந்த பின்னர், இலங்கையின் முன்மொழிவை ஏற்று, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கை நாடுகள் 2019இல் ஜெனீவாவில் இவ்விரண்டையும் வணிகத்துக்கு முற்றாகத் தடைவிதிக்கும் முதலாம் பட்டியலில் சேர்த்தன.

ஆனால் பட்டியலால் சுங்கச் சாவடியில்தான் காவல் காக்க முடியும். ஓணான் உறங்கும் கிளையைக் காக்க முடியாது. அந்தக் கிளை எங்கே உள்ளது என்பதைத் திருடனுக்குக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட ஒரு படமே. இடம்காட்டும் வசதி இயங்கும் அலைபேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள், எடுத்த நேரத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் பதிந்துவிடுகின்றன. வட்ஸ்அப்பில் அதைச் சாதாரணப் படமாக அனுப்பினால் இவ்விபரங்கள் நீங்கிவிடும். தெளிவு குறையக்கூடாதென்று ஆவணமாக அனுப்பினாலோ அவையும் சேர்ந்தே போகும். எண்கள் நீங்கினாலும், பின்னணியில் தெரியும் ரிவர்ஸ்டன் கோபுரமோ, பாதையோரத் தூர அறிவிப்புக் கல்லோ, ‘இன்று காலை எமது விடுதிக்கு மேலே’ என்ற ஒரு வரியோ அதே வேலையைச் செய்யும்.

இது வீண் அச்சமன்று. தென்சீனாவின் ‘கொனியூரோசோரஸ் லூயி’ என்னும் குகைப் பல்லி 1999இல் அறிவியல் இதழில் வாழிடத்தோடு விபரிக்கப்பட்டதும் வணிகர் அங்கு விரைந்தனர். சில ஆண்டுகளிலேயே முதலில் கண்டறியப்பட்ட இடத்தில் அது இல்லாதொழிந்தது. இலங்கையிலும், யால தேசிய பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சேகரித்ததற்காக 2024இல் இத்தாலியர் இருவருக்கு ஆறு கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இயற்கை ஆர்வலர் தமது அவதானிப்புகளைப் பதிவுசெய்யும் ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளம் இந்த ஆபத்தை உணர்ந்து, அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் சரியான இடத்தை மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீள அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை மட்டும் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. ஒரு தளத்தால் தானாகச் செய்ய முடிந்த இந்த ஏற்பாடு, காட்டைக் காக்கும் பணியிடங்களின் விதிகளில் ஒரு வரியாகவேனும் இருந்திருக்க வேண்டும்.

இலங்கை அரச அலுவலரின் ஊடகத் தொடர்பை ஆள்வது தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியிலுள்ள 47ஆம் அத்தியாயம். அரசாங்கத்தையோ ஒரு திணைக்களத்தையோ ஓர் அலுவலரையோ சங்கடத்துக்குள்ளாக்கக்கூடிய தகவலை, அது வெறும் உண்மைக் கூற்றாகவே இருந்தாலும், வெளியிடலாகாது என்கிறது அவ்வத்தியாயம். மக்கள் எழுச்சி நிகழ்ந்த 2022ஆம் ஆண்டின் செப்டெம்பர் இறுதியில் பொது நிர்வாக அமைச்சு விடுத்த சுற்றறிக்கை, இக்கட்டுப்பாடு சமூக ஊடகத்துக்கும் பொருந்தும் என்றும் மீறுவோர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாவர் என்றும் அறிவித்தது. இவற்றின் அளவுகோல் அரசின் சங்கடம். காட்டுக்கு நேரும் தீங்கு அன்று. இந்த அளவுகோலின்படி, அரிய ஓணானின் இருப்பிடத்தைப் படத்தோடு பதிவிடும் காவலரால் எவருக்கும் சங்கடமில்லை. ஓடைக்கரையில் நடக்கும் சட்டவிரோத வெட்டைப் பதிவிடும் காவலரே குற்றவாளியாகிறார்.

அலுவலர் வாய்திறப்பதால் காட்டுக்கு என்ன நன்மை விளையும் என்பதை 2020 பெப்ரவரியில் நாடு கண்டது. நீர்கொழும்புப் பகுதியில் கண்டல் நிலத்தை விளையாட்டு மைதானமாக்கும் கோரிக்கை எழுந்தபோது, இராஜாங்க அமைச்சர் சனத் நிஷாந்தவின் முன்னிலையில், கமெராக்கள் சூழ்ந்து நிற்க, வனப் பாதுகாப்புத் திணைக்கள அதிகாரி தேவானி ஜயதிலக மரங்கள் தரும் ஒட்சிசனின் மதிப்பை எடுத்துக்கூறிச் சட்டத்தின் பக்கம் நின்றார். அவர் ஊடகத்தைத் தேடிப் போகவில்லை. கடமையைச் செய்த இடத்தில் ஊடகம் இருந்தது. அக்காணொளி நாடெங்கும் பரவியதால், கண்டல் நிலம் பற்றிய பேச்சு ஒரு கூட்டத்தோடு அடங்கிப் போகாமல் பொது விவாதமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், ‘ஏனைய அரச காடுகள்’ எனப்பட்ட காடுகளை வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 5/2001 என்ற சுற்றறிக்கையை அரசு நீக்கி, அவற்றின் நிர்வாகத்தைப் பிரதேச, மாவட்ட செயலாளர்களிடம் விட்ட வேளையில், அக்காடுகளில் நாளும் நடந்து திரிந்த கள அலுவலர்கள் தம் பெயரில் கருத்துச் சொல்ல விதி இடம் தரவில்லை. அறிந்தவர் பேசாத விவாதம் அது.

இவ்விடயத்தில் ஒரு சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அச்சட்டப்படி கோரினால் வழங்க அனுமதிக்கப்பட்ட தகவலை வெளியிட்டதற்காக எந்த அலுவலரையும் தண்டிக்கலாகாது என்கிறது. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் நிர்வாக விதிக்கோவைக்கு மேலானது. ஆயினும் தனது பதவி உயர்வும் இடமாற்றமும் மேலதிகாரியின் கையில் இருக்கும் ஒரு வன அலுவலரை அப்பிரிவின் மீது நம்பிக்கை வைத்துப் பேசச் சொல்வது எளிதன்று. ஆகவே திணைக்களங்களின் உள்விதிகளிலேயே அப்பிரிவு எடுத்தெழுதப்பட வேண்டும்.

தனியார் விடுதிகளின் நிலை வேறு. அங்கு தாபன விதிக்கோவையும் இல்லை, 40ஆம் பிரிவும் இல்லை. உரிமையாளர் எழுதித் தரும் ஒப்பந்தமே சட்டம். விடுதியின் பெயருக்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் உரிமையாளர், பயணிகளை ஈர்க்க வேண்டி விடுதியின் சொந்தப் பக்கத்திலேயே அரிய விலங்கின் படத்தை இடத்தோடு போடச் சொல்வாரானால், வழிகாட்டும் இளைஞரை மட்டும் கண்டிப்பதில் நியாயமில்லை. விதி முதலில் உரிமையாளரைக் கட்டுப்படுத்த வேண்டும். யானை தாக்கி இறந்தவரின் உடலைப் படமெடுத்து, குடும்பத்தார் அறியுமுன் வட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதை அரசு, தனியார் வேறுபாடின்றித் தடுப்பதும் அவ்விதியில் அடங்க வேண்டும். அந்த மரணத்துக்குக் காரணமான அறுந்த மின்வேலியைப் பற்றிப் பேசுவதை அது தடுக்கலாகாது.

இரத்தொட்டை, எல்கடுவை போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து இத்தொழிலுக்கு வரும் தமிழ் இளைஞர்கள் தமக்கு விளங்காத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிலை எங்கும் இருக்கலாகாது. மாத்தளையிலுள்ள இரு திணைக்களங்களின் அலுவலகங்களும் சுற்றுலாத் துறையினரும் சேர்ந்து, இடம் வெளியிடக்கூடாத இனங்களின் பட்டியலையும் தீங்கைக் கண்டால் யாரிடம், எவ்வாறு, எவ்வித அச்சமுமின்றிச் சொல்லலாம் என்பதையும் இரு பக்கங்களுக்கு மிகாமல் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, ஒவ்வொரு பணியாளரின் கையிலும் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.