பூச்சிமருந்தா, முடி மாத்திரையா?

கேள்வி: வயது 29. கல்யாணமாகி எட்டு மாதம். கொஞ்ச நாளாகத் தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, விறைப்பும் குறைந்துவிட்டது. நெல்லுக்கு மருந்து அடிப்பதால் இருக்குமா? முடி கொட்டுவதற்கு ஒரு வருடமாகக் கடையில் வாங்கி பினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– பெயர் வேண்டாம், திருப்புலிவனம்

பதில்: தம்பி, நான் பயிருக்குத்தான் வைத்தியன். ஆனாலும் உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது.

பினாஸ்டிரைடு 1992-ல் புரோஸ்டேட் வீக்கத்துக்காக வந்த மாத்திரை. முடிக்கு 1 மி.கி. அளவில் 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண் ஹார்மோன் டிஹெச்டி என்ற பொருளாக மாறுவதை அது தடுக்கிறது. முடிவேரைச் சுருக்குவது அந்த டிஹெச்டிதான். அதைக் குறைக்கும்போது சிலருக்கு நாட்டமும் விறைப்பும் குறையும், விந்தின் அளவும் குறையும். நூற்றில் சிலருக்கே இப்படி. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகப் புகார்கள் வந்ததால், 2012-ல் அமெரிக்காவில் அதையும் மருந்துக் குறிப்பில் சேர்த்தார்கள். மனச்சோர்வும் வரலாம்; வந்தால் மறைக்காதீர்கள்.

கடைக்காரர் கொடுத்ததை வயலில் அடித்துவிட்டு, பயிர் கருகியதும் என்னிடம் வருவீர்களே, அதே கதை! இது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மாத்திரை.

மாத்திரை அட்டையோடு உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வயலில் அடிக்கும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தினால் முடி மறுபடி கொட்டும்; என் தலையைப் பார்த்தவர்கள் அதற்குப் பயப்பட மாட்டார்கள். வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பாவம், தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கர்ப்பமானால் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.