முக்காலி என்று கேளுங்கள்

சவ்வாது மலையில் ஓய்வில்லம் எழுப்பும் தமிழரே! 1950-களின் மேலை வடிவம் என்று அறைகலன் தேடி அலைகின்றீர். சுவிசு நாட்டுப் பியேர் சீன்னரே அவ்வடிவைச் சண்டிகரில் வரைந்தபோது கையாண்டவை தேக்கும் பிரம்புமே. காற்றோடும் பிரம்புப் பின்னல் நம் வெயிலுக்கு ஏற்றது. அந்நாற்காலிகளை அரசு அலுவலகங்கள் உடைசலென்று கழித்தன. அயல்நாட்டு ஏலங்களில் விலை ஏறிய பின்னரே, 2011-இல், நடுவணரசு காக்க முனைந்தது. அயலான் மதித்தால்தான் நம் கண்ணுக்குப் பொருளா? வெட்கம்!

கூடத்திற்குப் பிரம்பு நாற்காலி, திண்ணைக்கு விசிப்பலகை, படுக்கையறைக்குக் கயிற்றுக்கட்டில், அடுக்களைக்கு முக்காலி எனத் திருப்பத்தூர்த் தச்சரிடமே சொல்லிச் செய்யுங்கள். ‘சுடூல்’ என்னாதீர். முக்காலி என்றால் அவர்க்கு விளங்கும். காலெண்ணிக்கையும் அச்சொல்லிலேயே உள்ளது.