காட்டைக் காத்த தொழிலாளர்

பிறேசில் நாட்டின் மேற்கெல்லையிலே, அமேசன் பெருங்காட்டினுள் அமைந்தது ஆக்ரே மாநிலம். அங்கே இறப்பர் மரம் தோட்டப் பயிரன்று. காட்டிடையே தானாக வளர்வது. மரத்துக்கு மரம் நெடுந்தூரம். ஆகவே, ஒரு குடும்பம் பால்வெட்டிப் பிழைப்பதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் காடு வேண்டும். மழைக்காலத்திற் பிறேசிற் கொட்டை பொறுக்குவர். காடு அழிந்தால் அடுப்பும் அணையும்.

இம்மக்களின் வறுமையோடு நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1876இல் ஹென்றி விக்காம் அமேசனிலிருந்து கொண்டுசென்ற வித்துக்களே இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, ஹெனரத்கொடைக்கு நாற்றுக்களாக வந்தன. ஆசியத் தோட்டங்கள் தழைக்க, அமேசன் இறப்பர் வாணிபம் நிலைகுலைந்தது. முதலாளிகள் பலர் அகன்றனர். பால்வெட்டியவரோ, கையில் நில உறுதியெதுவுமின்றிக் காட்டிலேயே தங்கினர்.

1970களில் இராணுவ அரசின் ஊக்கத்தோடு மாட்டுப்பண்ணைச் செல்வர் அங்கு புகுந்தனர். காட்டை வெட்டி எரித்துப் புற்றரையாக்கினர். தொழிலாளர் என் செய்வர்? பெண்டிர் பிள்ளைகளோடு திரண்டு சென்று, மரம் வெட்டவந்தோரின் முன்னே நின்றனர். 1976இற் பிரசிலேயாவில் தொடங்கிய இம்மறிப்புக்கு 'எம்பாத்தே' என்று பெயர். வெட்டவந்தவரும் கூலியாட்களே என்பதை அவர்கள் மறக்கவில்லை. பகைக்காது பேசித் திருப்பியனுப்பவே முயன்றனர்.

1980இல் தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் ஓயவில்லை. 1985இல், மானிடவியலாளர் மேரி அலெகிரெட்டி போன்ற கற்றோரின் துணையோடு, பால்வெட்டுவோர் தலைநகரிற் கூடினர். நிலம் அரசுடைமை, பயனெடுக்கும் உரிமை குடியிருப்போருக்கு என்ற திட்டம் அங்கே உருப்பெற்றது. அதனை உலகறியச் செய்த சீக்கோ மென்டிஸ், 1988 டிசம்பர் 22ஆந் திகதி ஷப்புரியில் தம் வீட்டு வாயிலிற் சுடப்பட்டு மாண்டார். பண்ணைக்காரர் ஒருவரும் அவர் மகனும் 1990இல் தண்டனை பெற்றனர். அதே ஆண்டில் ஏறத்தாழ 24 இலட்சம் ஏக்கர் காடு அவர் பெயராற் காப்பிடமாயிற்று.

இன்று அக்காப்பிடத்துள்ளேயே மாடுகள் மேய்கின்றன. பால்வெட்டிய குடும்பங்களிற் சிலவும் காட்டழித்து மாடு வளர்க்கின்றன. அவர்களைத் தூற்ற நமக்கு மனமில்லை. இறப்பர் விலை வயிற்றை நிரப்பாதபோது, மாடு அவசரத்துக்குக் காசாகிறது. உற்பத்தி விலை அறிந்த எந்த உழவனுக்கு இது விளங்காது? 1999இல் ஆக்ரே மாநிலம் காட்டு இறப்பருக்கு உதவித்தொகை வழங்கச் சட்டமியற்றியது, நல்ல தொடக்கமே. ஆனால் உலகின் காற்றையும் மழையையும் பேணும் ஒரு காட்டின் காவற்கூலியை, வறிய மாநிலமொன்றின் தலையிலேயே கட்டிவிடுவது எவ்வகை நியாயம்? அமேசனுக்காகக் கண்ணீர் வடிக்கும் செல்வநாடுகள் அவ்விறப்பருக்கும் கொட்டைக்கும் உரிய விலையைக் கொடுக்கட்டும்.