சேற்று வாடையும் வாடையில்லா நஞ்சும்

"குளத்து மீனா? சேற்றில் கிடப்பது, உடம்புக்கு ஆகாது." முனைவர் பட்ட ஆய்வுக்காக விடுதியில் தங்கியிருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. கெளுத்தியையும் ஜிலேபியையும் அழுக்கு என்பவர்கள், அவற்றைப் பிடித்துத் தின்று வளர்ந்த சேரி மக்களையும் சேர்த்தே அழுக்கு என்கிறார்கள்.

அந்தச் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். நீரிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. உண்பவருக்கு அதனால் கேடில்லை. புளியின் அமிலத்திலேயே அது சிதைந்துவிடும். மீனில் புழுவோ கிருமியோ இருந்தாலும் நன்றாக வெந்தால் செத்துவிடும்.

உண்மையான ஆபத்துக்கு வாடையே கிடையாது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவை முறைகேடாகக் கையாண்டது அம்பலமாகி 2001இல் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்தும் கொடைக்கானல் ஏரியின் மீன்களில் பாதரசம் கூடுதலாக இருந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. சுற்றுலாப் பயணிகள் படகில் போய் அழகு பார்க்கும் அதே ஏரிதான்.

ஏரியின் அடிவண்டலில் பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. சிறு மீன்களிலிருந்து அவற்றைத் தின்னும் விரால் போன்ற மீன்களுக்கு ஏறி, அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. சதையோடு பிணைந்துவிடுவதால் கழுவினாலும் வறுத்தாலும் போகாது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும்.

சாதி, மூக்கை வைத்துத் தீட்டுப் பார்க்கிறது. நஞ்சோ தெளிந்த நீரிலும் இருக்கிறது.

"நல்ல இடமாகப் பார்த்து மீன் வாங்குங்கள்" என்ற அறிவுரை, கையில் காசு உள்ளவருக்கானது. ஊர்க் கண்மாயின் மீன்பாசி ஏலத்தில் பங்கு கேட்டாலே தலித் மக்கள் மிரட்டப்படும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நல்ல நீரில் உரிமை மறுக்கப்பட்டவர்கள், யாரும் குத்தகைக்கு எடுக்காத கழிவு வாய்க்காலில்தான் தூண்டில் போடுகிறார்கள்.

ஆகவே, தோழர்களே, இரண்டு கோரிக்கைகளை நாம் சேர்த்தே எழுப்ப வேண்டும். ஆலைக்கழிவு சேரும் ஆறு, ஏரி, குளங்களின் மீன்களை அரசு ஆண்டுதோறும் சோதித்து, முடிவைக் கரையிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். மீன்பாசி உரிமையில் தலித் மக்களின் பங்கு உறுதிசெய்யப்பட வேண்டும்.

அதுவரை, ஆலைக்கழிவு கலக்கும் நீரில் பிடித்த மீனைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். கழிவு கலக்காத குளத்து மீனைப் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். கூச்சமில்லாமல் விடுதி நண்பர்களையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.