மூடு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓய்வு பெற்ற நாலு பேரைப் பிடித்தால், மூன்று பேரிடம் எழுதாத நாவல் ஒன்று இருக்கும். "மூடு வரணும் சார்" என்பார்கள். ஆபீசில் மூடு பார்த்தா கையெழுத்துப் போட்டோம்?

ஒரே மாதத்தில் ஒரு நாவல் என்ற பந்தயத்தை அமெரிக்காவில் 1999-ல் தொடங்கினார்கள். இலக்கு 50,000 சொற்கள். தமிழில் உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 30,000 போதும் என்பேன். நாளுக்கு ஆயிரம்தான்.

கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். ஜெயமோகன் 2014-ல் தொடங்கிய 'வெண்முரசு', நாளுக்கு ஓர் அத்தியாயமாக வளர்ந்து 2020-ல் 26 நாவல்களோடு முடிந்தது. அவர்கள் மேதைகள் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அடுத்த பகுதிக்கு வாசகர் காத்திருந்தார். எழுத வைத்ததில் அதற்கும் பங்குண்டு.

அப்படி ஓர் ஆள் நமக்கும் கிடைப்பார். விழுப்புரத்துக்காரர் இரவு எட்டு மணிக்குத் திண்டிவனத்து நண்பருக்குப் போன் போட்டு, அன்று எழுதியதை வாசித்துக் காட்டட்டும். மறுநாள் எட்டு மணிக்கு அவர் காத்திருப்பாரே, அந்தக் கூச்சம் போதும். திருத்தமெல்லாம் முப்பத்தோராம் நாள்.

நாம் பார்த்த ஊரும் மனிதர்களும் நம்மோடு சுடுகாட்டுக்குப் போகலாமா? இன்றைக்கே உட்காருங்கள்.