கல்லீரலுக்கு ஒரு பரிசோதனை

கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அந்த நம்பிக்கையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது சென்னைப் பல்கலைக்கழகம். பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தது. 1988-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் அப்படி மறைந்தது ஒருவருக்குத்தான். அந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அக்கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர்.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. கிடைத்த ஆய்வுகள் அனைத்தையும் 2011-ல் சீர்தூக்கிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே சொன்னது. சென்னை ஆய்வாளர்கள் செய்தது பெருமைக்குரிய பணி. வாய்வழி வந்ததை அவர்கள் எண்ணால் அளந்தார்கள். அளந்ததால்தான் பிறரும் அளந்து பார்க்க முடிந்தது. நாமோ 1988-ன் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

பிளம்பெர்க்கின் மற்றொரு கொடை எல்லாச் சோதனைகளையும் தாண்டி நின்றது. அது தடுப்பூசி. தைவான் 1984-ல் பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்த நாடு அது. கால் நூற்றாண்டில் அந்த அளவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது; பிள்ளைகளைத் தாக்கிய கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது.

மூலிகையால் காமாலை தணிவதை நாமே பார்க்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். தணிந்த பெயரை மூலிகை வாங்கிக்கொள்கிறது. நாள்பட்ட பி, சி வகைகளோ பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை. பல்லாண்டுகள் ஓசையின்றிக் கல்லீரலை அரித்து, வயிற்றில் நீர் கோத்த பிறகே வெளியே தெரிகின்றன. மஞ்சள் நிறத்தைப் பார்த்து நோயைத் தேடுகிறவர் இவற்றைக் காணவே மாட்டார். ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் 2022-ல் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே ஆண்டில் உலக அளவில் பி வகையைச் சுமந்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கே அது தெரிந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 3 விழுக்காடு. சி வகையை 12 வார மாத்திரைகளால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் அடியோடு குணமாக்கலாம். பி வகையை நாளுக்கொரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தரும் தேசியத் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. மருந்து இருக்கிறது, பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நோயாளி யாரென்பதுதான் தெரியவில்லை.

நம் ஊர் இளைஞர்கள் பலருக்கு இது தெரியவருவது வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில். ‘அன்ஃபிட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடன் வாங்கிய காசும் போய், ஊரார் ஒதுக்குவார்களோ என்ற அச்சத்தில் வாயைத் திறக்காமல் வாழ்கிறார்கள். அடுத்து எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று சொல்ல அங்கே ஆளில்லை. நோயைக் கண்டுபிடித்தும் நோயாளியைக் கைவிடுகிற இந்த நிலை நெஞ்சைச் சுடுகிறது.

அரசு உடனே செய்யவேண்டியவை தெளிவானவை. பிறக்கும்போதே ஹெபடைடிஸ் பி தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். ஆகவே கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனையும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும் தனியார் மருத்துவமனைகளிலும் தவறாமல் நடப்பதை உறுதிசெய்ய வேண்டும். 2021 முதல் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் பி, சி பரிசோதனையைச் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தொற்று தெரியவந்தவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது சோதனைக்கூடத்தின் கடமையாக வேண்டும்.

கீழாநெல்லியையும் கைவிடச் சொல்லவில்லை. சித்த மருத்துவ நிறுவனங்கள் முறையாகப் பதிவுசெய்த ஆய்வுகளை நடத்தட்டும்; முடிவு சாதகமோ பாதகமோ, அப்படியே வெளியிடட்டும். அதுவரை கண் மஞ்சளானவருக்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை. மஞ்சளே காட்டாதவருக்கு அது இன்னும் தேவை. அவர் தானாக மருத்துவமனைக்கு வரமாட்டார், அரசுதான் அவர் வாசலுக்குப் போக வேண்டும்.