லூசியானா ஆளுநர் தேர்தல், 2003

லூசியானா ஆளுநர் தேர்தல், 2003 ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரு சுற்றுகளாக நடைபெற்றது. இங்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் முதற்சுற்றில் ஒன்றாகப் போட்டியிடுவர். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின் முதலிருவர் மீண்டும் மோதுவர். அக்டோபர் 4 அன்று குடியரசுக் கட்சியின் பாபி ஜிண்டல் 33 விழுக்காடு பெற்று முந்தினார். மக்களாட்சிக் கட்சியின் கேத்லீன் பிளாங்கோ பெற்றது 18 மட்டுமே. ஆனால் இது அவ்வளவு பெரிய முன்னிலையன்று: மக்களாட்சிக் கட்சி வாக்குகள் பலரிடையே சிதறியிருந்தன. நவம்பர் 15 அன்று பிளாங்கோ ஏறத்தாழ 55,000 வாக்குகளால் வென்று, அம்மாநிலத்தின் முதற் பெண் ஆளுநராகத் தேர்வானார். சுகாதாரத் துறையில் ஜிண்டல் செய்த செலவுக் குறைப்பைச் சாடிய விளம்பரங்களுக்கு அவர் மறுமொழி தரவில்லை. பழமைவாத வட ஊரகங்களில் அவர் பின்தங்கியதற்கு அவரது இந்திய வம்சாவளியே காரணம் என்போரும் உளர். ஆயினும் 2007இல் அவர் முதற்சுற்றிலேயே வென்றார்.